மரத்தில் கட்டிய சோறு

அன்புள்ள ஐயா,

எங்கள் பூர்வீகம் திருத்துறைப்பூண்டி பக்கம். உப்புச் சத்தியாகிரகத்தின்போது என் கொள்ளுப்பாட்டி தொண்டர்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்தார் என்று பாட்டி சொல்வார். கொள்ளுப்பாட்டி மட்டும், "நாங்க என்ன பெருசா பண்ணிட்டோம், சோறுதானே" என்பாராம். ஜெயிலுக்குப் போகவில்லை, தியாகி பென்ஷனும் வரவில்லை. "இதையெல்லாம் சுதந்திரப் போராட்டம்னு வெளியில சொல்லாதே" என்று தம்பி கேலி செய்கிறான். நான் பெருமைப்படுவது தவறா?

எஸ்., மன்னார்குடி

அன்புள்ள எஸ்.,

தவறே இல்லை. தம்பியையும் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

1930 ஏப்ரல் 13, ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்த அதே தேதியில், ராஜாஜி ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து புறப்பட்டார். வேதாரண்யம்வரை சுமார் 150 மைல், பதினைந்து நாள் நடை. தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தார்ன், நடப்பவர்களை வழியில் மறிக்கவில்லை; அவர்கள் வயிற்றில் கை வைத்தார். தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனைச் சட்டம் 157ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறை என்று ஜில்லா முழுக்க அறிவித்தார்.

அந்த உத்தரவு காங்கிரஸ்காரர்களுக்குப் போட்டதல்ல. அவர்கள் ஜெயிலுக்குத் தயாராகத்தான் வந்திருந்தார்கள். கதர் கட்டாத, கட்சிக் கூட்டத்துக்கே போகாத வீடுகளுக்குப் போட்டது. இன்னும் சரியாகச் சொன்னால், அடுப்படிக்கு.

கும்பகோணத்தில் பந்துலு ஐயர் வெளிப்படையாகவே விருந்து வைத்தார், சிறைக்கும் போனார். எல்லாக் குடும்பமும் அப்படிச் செய்துவிட முடியுமா? அதனால் ஜனங்கள் வேறு வழி கண்டார்கள். சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தது யார் என்று சாப்பிட்டவருக்கே தெரியாது. போலீஸ் பிடித்து உலுக்கினாலும் அவரால் யாரையும் காட்டிக்கொடுக்க முடியாது.

அதில் ஒரு பொட்டலத்தை மட்டும் நினைத்துப் பாருங்கள். சித்திரை வெயில். வெறும் சோறு என்றால் மத்தியானத்துக்குள் ஊசிப்போகும்; புளிச்சோறாகக் கிளறியிருக்க வேண்டும். வாழையிலையை அனலில் வாட்டி, கிழியாமல் மடித்து, எறும்பு ஏறாதபடி நாரால் இறுக்கிக் கட்ட வேண்டும். நாலு பேர் இருக்கிற வீட்டில் நாற்பது பேருக்கு உலை கொதித்தால் அடுத்த வீட்டுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் அந்த வீட்டுக்காரி வாய் திறக்கவில்லை. அவர் பேசாமல் இருந்ததையும் நான் போராட்டக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

பென்ஷன் விஷயம். மத்திய அரசின் தியாகி ஓய்வூதியத்துக்குப் பொதுவாக ஆறு மாதச் சிறைவாசத்துக்குச் சான்று வேண்டும். பெண்களுக்கு மூன்று மாதம். பிடிபட்டவருக்குத்தான் சான்று கிடைக்கும். உங்கள் கொள்ளுப்பாட்டி செய்த வேலையோ பிடிபடாமல் இருந்தால்தான் நடக்கும். பிடிபட்டிருந்தால் அடுத்த நாள் அந்த மரத்தில் சோறு இருந்திருக்காது. அவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லையென்றால், வேலையைச் சரியாகச் செய்தார் என்று அர்த்தம்.

வேதாரண்யத்தில் முடிதிருத்தும் தொழிலாளி வைரப்பனுக்கு நினைவுத்தூண் இருக்கிறது. பாதிச் சவரத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அதற்காகச் சிறைக்குப் போனார். அவரும் தினமும் செய்கிற வேலையை வைத்துத்தான் போராடினார். மாட்டிக்கொண்டதால் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏப்ரல் 30 அன்று ராஜாஜி அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானார். அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பட்டினியோடு பதினைந்து நாள் நடந்து யாரும் அந்த உப்பளத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க முடியாது என்பதை நாம்தான் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாள் நிதானமாகக் கேளுங்கள். எந்தச் சாலை, என்ன மரம்? பொட்டலத்தை எடுத்துப்போய்க் கட்டியது வீட்டு ஆம்பளைகளா, சின்னப் பிள்ளைகளா? அரிசி யார் வீட்டுடையது? அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள். இங்கேயே வெளியிடுகிறேன்.