மினி டெண்டர் ஆஃபர்: மைத்துனரின் அவசரத்துக்கு உங்கள் பங்கா?

கேள்வி: அமெரிக்காவில் வேலை செய்கிறேன். என் கம்பெனியின் 500 பங்குகள் கையில் உள்ளன, இன்றைய விலை சுமார் 50 டாலர். யாரோ ஒருவர் பங்குக்கு 47.60 டாலர் தருவதாக, கமிஷன் இல்லாத 'மினி டெண்டர் ஆஃபர்' ஒன்று புரோக்கர் மூலம் வந்திருக்கிறது. கடை வைக்க இரண்டு வாரத்தில் பணம் வேண்டும் என்று மைத்துனர் நெருக்குகிறார். முன்பும் இரண்டு முறை அவருக்காகப் பங்கை விற்றேன். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம். டெண்டர் ஆஃபர் என்பது, பங்குதாரர்களின் பங்குகளைக் குறிப்பிட்ட விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் விடும் அழைப்பு. அப்படி வந்தால் சந்தை விலைக்கு மேல் தருவார்கள் என்ற நினைப்பில்தான் பலர் சம்மதித்துவிடுகிறார்கள். உங்களுக்கு வந்திருப்பதோ பங்குக்கு 2.40 டாலர் குறைவு. 500 பங்குக்கு 1,200 டாலர் போய்விடும். பெரிய ஆன்லைன் புரோக்கர்கள் 2019-லேயே பங்கு விற்பனைக்கான கமிஷனை எடுத்துவிட்டார்கள். அதனால் 'கமிஷன் இல்லை' என்பதில் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. தபால் புரோக்கரிடமிருந்து வந்ததால் அது அவருடைய பரிந்துரை என்றும் எண்ணாதீர்கள். அனுப்பி வைப்பது அவர் கடமை, அவ்வளவுதான்.

விலையைவிடப் பெரிய ஆபத்து நிபந்தனைகளில் இருக்கிறது. 'மினி' டெண்டரில், பங்கை வாங்கக் கேட்பவர் கம்பெனியில் தன் பங்கு 5 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார். அதற்குள் இருந்தால் பெரிய டெண்டர்களுக்கு எஸ்.இ.சி. (அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு) வைத்திருக்கும் விதிகள் பல அவரைக் கட்டாது. ஆவணம் தாக்கல் செய்யத் தேவையில்லை, சம்மதித்தவரைப் பின்வாங்க விடவேண்டிய கட்டாயமும் இல்லை. விலை 55-க்கு ஏறினால் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்: 3,700 டாலர் இழப்பு. 47-க்கு இறங்கினால், சந்தை விலை குறைந்தால் வாங்க மாட்டேன் என்ற நிபந்தனையைக் காட்டி அவர் விலகலாம்.

இரண்டு வாரத்தில் பணமும் வராது. இப்படிப்பட்ட ஆஃபர் குறைந்தது 20 வேலைநாட்கள் திறந்திருக்க வேண்டும், பணம் அதற்கப்புறம்தான். கெடுவை நீட்டினால் இன்னும் தாமதம். சந்தையில் விற்றால் ஒரே வேலைநாளில் பணம் உங்கள் புரோக்கர் கணக்குக்கு வந்துவிடும், 2024 மே முதல் அதுதான் விதி.

எனக்குக் கவலை தருவது மைத்துனர் குறிக்கும் தேதிக்கெல்லாம் நீங்கள் பங்கை விற்பதுதான். அந்த அவசரம் இல்லாவிட்டால் இந்த விலையை நீங்களே ஒதுக்கியிருப்பீர்கள். முதல் இரண்டு தொகையும் எப்போது திரும்பும் என்று முதலில் எழுதி வாங்குங்கள். அப்புறமும் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், தேவையான அளவு மட்டும் சந்தையில் லிமிட் ஆர்டர் (இந்த விலைக்குக் கீழே விற்காதே என்ற உத்தரவு) போட்டு விற்றுக் கொடுங்கள். ஆஃபருக்குப் பதிலே அனுப்ப வேண்டாம், பங்கு உங்களிடமே இருக்கும். ஒருவேளை ஏற்கெனவே சம்மதம் கொடுத்திருந்தால் இன்றே புரோக்கருக்கு போன் செய்யுங்கள். அவர் இன்னும் அனுப்பாமல் இருந்தால் நிறுத்த வழியுண்டு.