அட்டிக் ஃபேன்: கூரையில் ஓட்டை போடுமுன் சாஃபிட்டைப் பாருங்கள்

கேள்வி: டெக்சாஸில் ஆஸ்டின் பக்கம் ஒற்றைத் தள வீடு. கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே உள்ள அட்டிக் 1,500 சதுர அடி, கறுப்பு ஷிங்கிள் (தார்த் தாள் ஓடு) கூரை. ஜூன் பிறந்தால் ஏசி ஓய்வதே இல்லை. கூரைமேல், சூட்டுக் காற்றை வெளியே தள்ளும் அட்டிக் ஃபேன் வைத்தால் பலன் உண்டா? எந்த அளவு வாங்க வேண்டும்? நானே பொருத்தலாமா?

பதில்: பலன் உண்டு, விற்பவர்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. வெயிலில் சூடேறிய கூரைப் பலகையிலிருந்து நேராக இறங்கும் வெப்பத்தை எந்த ஃபேனாலும் தடுக்க முடியாது. சீலிங்குக்கு மேலே இருக்கும் இன்சுலேஷன் (வெப்பத் தடுப்புப் பஞ்சு) ஆர்-38க்குக் குறைவு என்றால் (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு), முதல் பணத்தை அதில் போடுங்கள்.

அடுத்தது காற்று வரும் வழி. ஃபேன் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறதோ அவ்வளவும் எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். சாஃபிட் வென்ட் (கூரை விளிம்பின் அடிப்பக்கக் காற்றுத் திறப்பு) போதாவிட்டால், ரீசெஸ்ட் லைட் (சீலிங்குக்குள் பதித்த விளக்கு) இடுக்கு, அட்டிக் ஏணிக் கதவு வழியாக நீங்கள் காசு கொடுத்துக் குளிரவைத்த காற்றையே அது இழுத்துவிடும். கரண்ட் பில் குறையாமல் ஏறுவது இப்படித்தான்.

கணக்கு இதுதான்: சதுர அடியை 0.7 ஆல் பெருக்கினால் 1,050 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று). கறுப்புக் கூரைக்கு 15 சதவீதம் கூட்டினால் சுமார் 1,200. ஒவ்வொரு 300 சி.எஃப்.எம்.முக்கும் ஒரு சதுர அடி திறப்பு வேண்டும். உங்களுக்கு 4 சதுர அடி, அதாவது 576 சதுர அங்குலம். 16-க்கு 8 அங்குல சாஃபிட் வென்ட்டில் வலைக் கம்பி போக நிகரமாக 60 சதுர அங்குலம் தேறினால் அதிகம். ஆகப் பத்து வென்ட்டாவது வேண்டும். இன்சுலேஷன் பஞ்சு அவற்றை அடைத்திருக்கிறதா என்று உள்ளே போய்ப் பாருங்கள். பல வீடுகளில் கோளாறே இதுதான். ரிட்ஜ் வென்ட் (கூரை முகட்டு நெடுகக் காற்றுத் திறப்பு) இருந்தால் அதை மூட வேண்டும், இல்லையேல் ஃபேன் பக்கத்துத் திறப்பிலிருந்தே காற்றை எடுத்துச் சுற்றிக்கொண்டிருக்கும். கூரையின் உட்புறம் ஸ்ப்ரே ஃபோம் (தெளித்ததும் உப்பி இறுகும் நுரை) அடித்து மூடிய அட்டிக் என்றால் ஃபேன் பேச்சே வேண்டாம்.

பொருத்தும் வேலையை அதிகாலையில் செய்யுங்கள். வெயில் ஏறினால் ஷிங்கிள் இளகிக் கிழியும். பின்பக்கச் சரிவில், முகட்டை ஒட்டி, இரண்டு ராஃப்டர்களுக்கு (கூரையைத் தாங்கும் சாய்வுச் சட்டங்களுக்கு) நடுவே உள்ளிருந்து ஓர் ஆணி அடித்து மேலே அடையாளம் காணுங்கள். பெட்டியோடு வரும் அட்டை அச்சைவைத்து வட்டம் வெட்டுங்கள். ராஃப்டரையோ ட்ரஸ்ஸையோ (முக்கோணத் தாங்கு சட்டம்) வெட்டக் கூடாது. ஃபேனைச் சுற்றி மழைநீரைத் தடுக்கும் ஃபிளாஷிங் தகட்டின் மேல்பாதி மேல்வரிசை ஷிங்கிளுக்கு அடியில் நுழைய வேண்டும், கீழ்விளிம்பு கீழ்வரிசைக்கு மேலே கிடக்க வேண்டும். இது மாறினால் எத்தனை டப்பா ரூஃபிங் சிமென்ட் பூசினாலும் ஒழுகும். ஃபேனின் தெர்மோஸ்டாட்டை 105 முதல் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் வையுங்கள். 120 வோல்ட் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள். பெர்மிட் பற்றி நகராட்சியில் கேளுங்கள். ஏணியில் தனியாக ஏறாதீர்கள்.

உங்கள் ஊரில் கேஸ் வாட்டர் ஹீட்டரை அட்டிக்கிலேயே வைப்பது சகஜம். ஃபேனின் இழுப்பில் அதன் புகை திரும்பி வந்தால் கார்பன் மோனாக்சைடு ஆபத்து. எனவே வேலை முடிந்ததும் ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனின் தெர்மோஸ்டாட்டை இறக்கி அதை ஓடவிட்டு, ஹீட்டர் எரியும்போது அதன் உச்சியில் புகைக்குழாய் தொடங்கும் வாயருகே ஊதுபத்தி பிடித்துப் பாருங்கள். புகை குழாய்க்குள் போகாமல் வெளியே தள்ளப்பட்டால் ஃபேனை நிறுத்திவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.