உப்புப் பூத்த ஆலயச் சுவர்

கேள்வி: எங்கட மெதடிஸ்த ஆலயம் நூறு வருசத்துக்கு மேல பழசு. கடல்பக்கச் சுவரில பூச்சு கழண்டு விழுது. முதல்ல முழங்காலளவுதான், ரெண்டு தரம் சீமெந்து பூசினாப்பிறகு இப்ப இடுப்புக்கு மேல வந்திட்டுது. கமிட்டியில சுவர் முழுக்க சீமெந்து பூசி, யன்னலையும் கழட்டி அலுமினியம் போடுவம் எண்டு கதைக்கினம். சரியா?
— வாசகி, திருகோணமலை

பதில்: தயவுசெய்து அந்த வேலையை நிப்பாட்டி வைக்கச் சொல்லுங்கோ. பூச்சு விழுந்த இடத்தை விரலால தடவிப் பாருங்கோ, வெள்ளையா மாவு மாதிரி ஒட்டினா அது உப்பு. அந்தக் காலத்துச் சுவர் கல்லும் சுண்ணாம்புச்சாந்தும், நிலத்து ஈரத்தைக் குடிச்சு காத்துக்கு வெளிய விட்டிடும், அதுக்கு மேல சீமெந்து பூசினா ஈரம் வெளிய வர வழியில்லாம மேல மேல ஏறும், காயிற இடத்தில உப்புக் கட்டியாகி பூச்சைத் தள்ளி விழுத்தும். முழங்கால் இடுப்பானது இதாலதான், மேசன்ட பிழை இல்ல.

முதல்ல கூரைப் பீலியைத் திருத்துங்கோ, மழைத்தண்ணி சுவரடியில விழாம இருக்கோணும். பிறகு சீமெந்தைச் சின்ன உளியால பதமாக் கழட்டி, வாடைமழை முடிஞ்சு சுவர் காய்ஞ்சாப்பிறகு, பங்குனி சித்திரையில நீத்தின (தண்ணி விட்டு அவிச்ச) சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவின ஆத்துமணல் மூண்டு பங்கு (கடல்மணல் கூடவே கூடாது, அதுவே உப்பு) கலந்து மெல்லிசா ரெண்டு மூண்டு தரமாப் பூசோணும். சுண்ணாம்பு ஆறுதலாத்தான் இறுகும், கச்சான் காத்துப் பட்டா வெடிச்சுப்போகும், அதால ஈரச்சாக்கு தொங்கவிட்டுத் தண்ணி தெளிச்சுக்கொண்டே இருக்கோணும். மேல பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளைதான் அடிக்கோணும்.

யன்னல் கதைதான் எனக்கு நெஞ்சைக் குத்துது. 1814 ஆனியில காலியில வந்திறங்கின மெதடிஸ்த மிசனரிமாருக்கும் அவைக்குப் பின்னால வந்தவைக்கும் பிரசங்கம்தான் முக்கியம், அதால அவையள்ட பழைய ஆலயங்களில சிலையும் சித்திரவேலையும் தேடினாலும் கிடைக்காது, உயர்ந்த கூரை, தடிச்ச சுவர், நீட்டு யன்னல், பிரசங்கபீடம், வாங்குகள், அவ்வளவுதான். அந்த யன்னலையும் கழட்டினா மிச்சம் என்ன இருக்கு? உக்கின அடிக்கட்டையை மட்டும் வெட்டி அதே சாதி மரத்தில துண்டு வைச்சுப் பொருத்தலாம், நல்ல தச்சர் ஒராளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கோ. பெயின்டை ஒரு மூலையில சுரண்டிப் பாருங்கோ, உள்ளுக்க மஞ்சளா மினுங்கினா முதிரையா இருக்கும், அந்த மரத்தை இண்டைக்கு என்ன காசு குடுத்தும் அப்பிடி வாங்கேலாது.

கைவைக்க முதல் எல்லாத்தையும் அளந்து படமெடுத்து வையுங்கோ, தொல்பொருள் திணைக்களத்திலயும் ஒருக்காக் கேளுங்கோ. கமிட்டி நம்பாட்டி, ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் சுண்ணாம்பு பூசிக் காட்டுங்கோ, அடுத்த வாடை முடியட்டும், ரெண்டு பூச்சையும் பக்கத்தில பக்கத்தில தட்டிப் பாத்து அவையளே முடிவெடுக்கட்டும்.