அமெரிக்கப் பேராசிரியர் சீனப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆய்வு செய்வது சட்டப்படி குற்றமா?

இல்லை. பெரும்பாலும் சிக்கலில் மாட்டவைப்பது ஆய்வு அல்ல, அதைச் சொல்லாமல் விடுவது. ஹார்வர்டில் வேதியியல் பேராசிரியராக இருந்த சார்ல்ஸ் லீபர் 2021 டிசம்பரில் குற்றவாளியெனத் தீர்ப்பானது, சீனாவின் வூகான் பல்கலைக்கழகம் ஒன்றோடு இருந்த தொடர்பையும் அங்கிருந்து வந்த சம்பளத்தையும் பற்றிப் பொய் சொன்னதற்கும் வரிக் குற்றங்களுக்கும்தான்.

அமெரிக்காவின் 2022-ஆம் ஆண்டு சிப்ஸ் அண்ட் சயின்ஸ் சட்டம் கூட்டாகக் கட்டுரை எழுதுவதையோ மாநாட்டில் பேசுவதையோ பொதுவாகத் தடுப்பதில்லை. சீனா, ரஷ்யா, ஈரான், வடகொரியா சார்ந்த தீங்கான ஆள்சேர்ப்புத் திட்டங்களில் (ஆய்வாளர்களைத் தகாத நிபந்தனைகளோடு இழுக்கும் திட்டங்களில்) இருப்பவருக்கு மட்டும் கூட்டாட்சி ஆய்வு நிதி கிடையாது. ஆகவே கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். பதவியை வெளியே சொல்லக்கூடாது, அங்கே ஆய்வகம் தொடங்க வேண்டும், வேறு ஆட்களைச் சேர்த்துத் தர வேண்டும், விலக முடியாது என்ற மாதிரி நிபந்தனை இருந்தால் நிறுத்திவிட்டு, பல்கலைக்கழக ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகத்திடம் காட்டுங்கள்.

பலர் தவறவிடுவது பணமல்லாத உதவியை. அங்கே கிடைக்கும் ஆய்வக இடம், கருவி, வெளிநாட்டு அரசு சம்பளம் கொடுக்கும் மாணவர், ஊதியமில்லாத கௌரவப் பதவி என எல்லாவற்றையும் நிதி விண்ணப்பத்தோடு தரும் படிவங்களில் எழுத வேண்டும். "காசு வரவில்லையே" என்பது காரணமாகாது. விண்ணப்பித்த பின் புதிதாக வந்ததையும் திருத்திச் சேர்க்க வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்குத் தனிக் கடமை உண்டு. ஒரே வெளிநாட்டு மூலத்திலிருந்து ஒரு காலண்டர் ஆண்டில் 2,50,000 டாலரோ அதற்கு மேலோ வந்தால், உயர்கல்விச் சட்டத்தின் 117-ஆவது பிரிவின்படி கல்வித் துறைக்கு அறிவிக்க வேண்டும்; கெடு ஜனவரி 31 அல்லது ஜூலை 31, எது முதலில் வருகிறதோ அது.

ஏற்றுமதிக் கட்டுப்பாடு, அதாவது சில தொழில்நுட்பங்கள் வெளிநாட்டவர் கைக்குப் போவதைக் கட்டுப்படுத்தும் விதிகள், இதிலிருந்து வேறு. கட்டுப்பாட்டுப் பட்டியலிலுள்ள தொழில்நுட்பத்தை அமெரிக்க ஆய்வகத்துக்குள்ளேயே வெளிநாட்டவருக்குக் காட்டினாலும் உரிமம் தேவைப்படலாம்.