180 பவுண்டுக்கு எடுத்த பேனா, 260 பவுண்டுக்கு இன்வாய்ஸ்

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். பழைய ஃபவுண்டன் பேனாக்கள் சேர்ப்பவன். இங்கிலாந்து ஏல நிறுவனம் ஒன்று நடத்திய ஆன்லைன் ஏலத்தில், 1950-களில் செய்த பார்க்கர் 51 ஒன்றை 180 பவுண்டுக்கு எடுத்தேன். நேரில் போகும் ஏலம் அல்ல. குறித்த நேரத்தில் இணையத்திலேயே முடிந்துவிட்டது. இன்வாய்ஸில் 25 சதவீத பையர்ஸ் பிரீமியமும் (வாங்குபவரிடம் ஏல நிறுவனம் வசூலிக்கும் கட்டணம்) அதற்கு வாட் வரியும் சேர்த்து 54 பவுண்ட், ஏலத் தளத்தின் கட்டணம் 10.80, தபால் 15, ஆக மொத்தம் 259.80. கிரெடிட் கார்டில் கட்டிவிட்டேன். பேனா வந்து ஒரு வாரம் ஆகிறது. '9 காரட் தங்க மூடி' என்று கேட்லாகில் போட்டிருந்தார்கள். மூடியில் 'ரோல்டு கோல்டு' என்று பொறித்திருக்கிறது. மையும் கசிகிறது. ஏலத்தில் எடுத்ததைத் திருப்ப முடியாது என்கிறார்கள். பிரீமியத்தையாவது திரும்ப வாங்க முடியுமா?

பதில்: பிரீமியத்தை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்? முழுப் பணத்தையும் கேட்கும் நிலையில் இருக்கிறீர்கள். ஆனால் நாளைக் கடத்தாதீர்கள். இன்றே மின்னஞ்சலில் எழுதுங்கள்: கேட்லாக் விவரத்துக்குப் பொருந்தாததால் பேனாவை நிராகரிக்கிறேன், ஒப்பந்தத்தையும் ரத்து செய்கிறேன், விற்றவர் யார், அவர் வியாபாரியா தனிநபரா என்று எழுத்தில் தெரிவியுங்கள். ஏன் இத்தனை அவசரம் என்று சொல்கிறேன்.

ஏலம் என்றாலே நுகர்வோர் உரிமை கிடையாது என்று பலரும் நம்புகிறார்கள், ஏல நிறுவனங்களும் அப்படியே பேசுகின்றன. 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(5) சொல்வது வேறு. பழைய பொருளைப் பொது ஏலத்தில் வாங்கும்போது, அந்த ஏலத்துக்கு நேரில் போக வாய்ப்பு இருந்தால்தான் அந்தச் சட்டம் தரும் பெரும்பாலான பாதுகாப்புகள் விலகும். நீங்கள் போனீர்களா என்பதல்ல, போக முடிந்திருக்குமா என்பதே கேள்வி. உங்கள் ஏலத்துக்கு ஏலக்கூடம் என்று ஒன்றே இல்லை. பேனாவை முன்கூட்டி வந்து பார்க்கலாம் என்று அறிவித்திருந்தாலும், அது ஏலத்துக்கே நேரில் வருவதாகாது.

ஆகவே விற்றவர் வியாபாரி என்றால் இரண்டு வழிகள் திறக்கின்றன. பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். இது 2013-ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகள் தரும் உரிமை. அந்த உரிமை உண்டு என்பதை உங்களுக்குத் தெரிவிக்கவே இல்லை என்றால் கெடு 12 மாதம் வரை நீளும். இரண்டாவது, விவரத்துக்குப் பொருந்தாத பொருளை 30 நாளுக்குள் நிராகரித்து முழு விலையைத் திரும்பக் கேட்கலாம்.

விற்றவர் தனிநபராக இருந்தால்? ஏல நிறுவனம் பெரும்பாலும் அவருடைய முகவர்தான். பழைய பேனாக்கள் பலவும் குடும்பங்களிலிருந்து வருபவை. அப்போது மேலே சொன்ன இரண்டும் கிடையாது. ஆனாலும் 1979-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 13 இருக்கிறது: விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும். இது தனிநபரையும் கட்டுப்படுத்தும். 'கேட்லாக் பிழைகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்ற வரியைக் காட்டுவார்கள். அந்த வரி நியாயமானதுதானா என்று நீதிமன்றம் பார்க்கும். எழுதி வைத்துவிட்டார்கள் என்பதற்காக மட்டும் அது செல்லுபடியாகிவிடாது.

உங்கள் வழக்கின் பலம் மூடியில்தான் இருக்கிறது. ரோல்டு கோல்டு என்பது மட்ட உலோகத்தின் மேல் மெல்லிய தங்கத் தகடு. 9 காரட் என்பது ஆயிரத்தில் 375 பங்கு தங்கம். பிரிட்டனில் 1 கிராமுக்கு மேற்பட்ட தங்கப் பொருளை ஹால்மார்க் இல்லாமல் வியாபாரத்தில் 'தங்கம்' என்று விவரித்து விற்பது, சில விலக்குகள் நீங்கலாக, 1973-ஆம் ஆண்டு ஹால்மார்க்கிங் சட்டப்படி குற்றம். மூடியிலேயே இன்னது என்று பொறித்திருக்கும்போது, லென்ஸ் வைத்துப் பார்த்திருக்க வேண்டியது கேட்லாக் எழுதியவரின் வேலை. இதை, வியாபார முறைகேடுகளைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்கும் தெரிவிக்கலாம். உங்கள் கடிதத்தில் அதைக் குறிப்பிடுவது நல்லது.

மை கசிவதை இதோடு கலக்காதீர்கள். தனிநபர் விற்றிருந்தால் பொருள் நன்றாக வேலை செய்யும் என்ற உத்தரவாதம் சட்டத்தில் இல்லை. 'சோதிக்கப்படவில்லை' என்று கேட்லாகில் இருந்தால் வியாபாரி விஷயத்திலும் அது பலவீனமான வாதம். பழுது பார்க்கவோ மூடியைப் பாலிஷ் செய்யவோ கொடுத்துவிடாதீர்கள். பேனா வந்தபடியே இருக்கட்டும். ஏலத் தளத்தில் இந்தப் பேனாவுக்கான பக்கத்தை இப்போதே படம் பிடித்து வையுங்கள்.

சரி, பிரீமியம். அது ஏல நிறுவனத்துக்கும் உங்களுக்கும் இடையிலான தனி ஒப்பந்தம். ஏலம் கேட்பதற்கு முன்பே தெளிவாகத் தெரிந்திருந்தால், அதிகம் என்பதற்காக மட்டும் மறுக்க முடியாது. வாட் பழைய பேனாவுக்கு அல்ல, அவர்களுடைய கட்டணத்துக்கு. ஆனால் 2025 ஏப்ரல் 6 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, தவிர்க்க முடியாத கட்டணங்களை விலையோடு சேர்த்தே காட்ட வேண்டும். முன்கூட்டிக் கணக்கிட முடியாதென்றால், எப்படிக் கணக்கிடுவார்கள் என்பதை விலைக்குச் சமமாகக் கண்ணில் படும்படி சொல்ல வேண்டும். தளக் கட்டணத்தை இன்வாய்ஸில்தான் முதன்முதலாகப் பார்த்தீர்களா? அப்படியானால் அது உங்கள் ஒப்பந்தத்தில் சேரவே இல்லை என்று வாதிடலாம். பதிவு செய்தபோது வந்த பக்கங்களையும் மின்னஞ்சல்களையும் ஒருமுறை தேடிப் பாருங்கள், அங்கே இருந்தால் இந்த வாதம் போய்விடும். தவறான விவரத்தை நம்பி வாங்கியதால் கட்ட நேர்ந்த தொகை என்ற முறையில் பிரீமியத்தையும் தபால் செலவையும் விலையோடு சேர்த்தே நஷ்டஈடாகக் கேளுங்கள்.

அப்புறம், கார்டு. 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருள் என்பதால் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் பிரிவு 75-இன் கீழ் கார்டு தந்த வங்கியிடமும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பணம் முகவர் கைக்குப் போனது என்று வங்கி மறுக்கக்கூடும். அதனால் சார்ஜ்பேக்கும் (கார்டில் கட்டிய பணத்தை விற்றவர் தரப்பிலிருந்து வங்கி திரும்ப எடுத்துத் தரும் முறை) சேர்த்தே கேளுங்கள்; அதற்குப் பொதுவாக 120 நாள் கெடு.

கடிதத்தில் பதிலுக்கு 14 நாள் கொடுங்கள். பதில் வராவிட்டால் இணையம் வழியாகவே சிறு தொகை வழக்கு (ஸ்மால் கிளெய்ம்ஸ்) போடலாம். 10,000 பவுண்ட் வரை அங்கே எடுப்பார்கள், வக்கீல் தேவையில்லை. விற்றவர் பெயரை மறைத்தால் ஏல நிறுவனத்தையே எதிர்த்தரப்பாகச் சேருங்கள்.