பம்பிங் 35 ஆகிவிட்டது, இனி பயமில்லையா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. இதயச் செயலிழப்புக்காக அட்மிட் ஆகி, ஆறு வாரத்துக்கு முன் வீடு திரும்பினார். எக்கோவில் (இதய ஸ்கேனில்) பம்பிங் 30-லிருந்து 35 சதவீதம் ஆகியிருக்கிறது. மறுபடி அட்மிட் ஆக நேருமா என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம், கூடியதில் சந்தோஷப்படுங்கள். ஆனால் அடுத்த சில வாரம் எப்படிப் போகும் என்பதை அந்த எண் சொல்லாது. ஒரே நாளில் இரண்டு பேர் எக்கோ எடுத்தாலே ஐந்து சதவீதம் முன்னே பின்னே வரலாம். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய முதல் மூன்று மாதம்தான் அபாயம் அதிகமுள்ள காலம். அப்பா இன்னும் அதைத் தாண்டவில்லை.

உடம்பில் நீர் தேங்குகிறதா என்று பாருங்கள். காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், அதே மெஷினில் தினமும் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அன்றே டாக்டருக்குச் சொல்லுங்கள். எடையை மட்டும் நம்பவும் முடியாது. சரியாகச் சாப்பிடாதவருக்குச் சதை கரையும், அந்த இடத்தில் நீர் சேரும், முள் அசையாது. அதனால் இரவில் ஒரு தலையணை இரண்டாகிறதா, குனிந்து செருப்பு மாட்டும்போது அரை நிமிடத்துக்குள் மூச்சு வாங்குகிறதா என்றும் கவனியுங்கள்.

ஓ.பி.யில் நான் முதலில் பார்ப்பது மருந்துச் சீட்டை. நீர் மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போனாலும், பிரஷர் குறைகிறது என்று மற்ற இதய மாத்திரைகளைக் குறைக்க நேர்ந்தாலும் எனக்குக் கவலைதான். ரத்தத்தில் சோடியம் 135-க்குக் கீழே போவதும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏறுவதும் அதே வகை. இதயத்தின் மேலுள்ள சுமையைக் காட்டும் என்டி-புரோபிஎன்பி ரத்தப் பரிசோதனையில் ஒரு தடவை வந்த எண்ணைவிட, போன தடவைக்கு இப்போது ஏறியதா இறங்கியதா என்பதே முக்கியம். உயிர் பிழைத்திருக்கும் வாய்ப்பைக் கணிக்கும் சியாட்டில் மாடல் போன்ற கணக்கீடுகள் ஒரு வருடம், அதற்கு மேல் என்று நீண்ட காலத்தைச் சொல்பவை. அடுத்த மாதத்துக்கு அவற்றை நம்பி உட்கார வேண்டாம்.

இந்த அபாயத்தைக் குறைக்கவும் முடியும். 2022-இல் வெளியான ஸ்ட்ராங்-ஹெச்எஃப் ஆய்வில், டிஸ்சார்ஜ் ஆன இரண்டு வாரத்துக்குள் மாத்திரைகளை முழு அளவுக்கு ஏற்றி, அடிக்கடி பரிசோதித்தார்கள். 180 நாளில் இறப்போ இதயச் செயலிழப்புக்கான மறு அட்மிஷனோ 15.2 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 23.3. எனவே அடுத்த செக்கப்பில், “இன்னும் டோஸ் ஏற்றலாமா டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள். மூட்டுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுக்காதீர்கள், அது நீரைத் தேக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலும் மயக்கம் வந்தாலும் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.