மதில் மறித்த வெள்ளமும் நனைந்த மொரிஸ் மைனரும்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் எங்கள் பரம்பரை வளவில் இருக்கிறேன். தெற்குப் பக்கத்துக் காணியை வாங்கியவர் 2022 இல் பழைய கதியால் வேலியைப் பிடுங்கி மதில் கட்டினார். காணிக்குக் கிரவல் கொட்டி இரண்டடிக்கு மேல் உயர்த்தினார். அதுவரை எங்கள் வளவு மழைநீர் அந்த வழியாகத்தான் வயலுக்கு இறங்கி வழுக்கையாற்றில் சேரும். 2024 நவம்பர் மழையில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கராச்சில் நின்ற, காலஞ்சென்ற அப்பாவின் மொரிஸ் மைனர் காரும், கனடாவில் இருக்கும் அத்தான் என் பொறுப்பில் விட்ட ஒஸ்ரின் ஏ-40 உம் இருக்கை வரை நனைந்தன. வெள்ளம் வடிந்த மறுநாள் மைனரைக் கிளப்பிப் பார்த்தேன், ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டது. காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிட்டது. மதிலில் நானே துளை போடலாமா? அத்தானின் காருக்கு நான் பதில் சொல்ல வேண்டுமா? நானும் மண் போட்டு வளவை உயர்த்திவிடலாமா?

பதில்: துளையை முதலில் பேசி முடிப்போம். போடாதீர்கள். இன்று நீங்கள் முறைப்பாட்டுக்காரர். அலவாங்கைத் தூக்கிய அன்றே பிறர் சொத்தைச் சேதப்படுத்திய எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர், ஆகிவிடுவீர்கள். பொலிஸாரிடம் போனால் "இது சிவில் விவகாரம்" என்று அனுப்பிவிடுகிறார்களே என்று பலரும் அலுத்துக்கொள்வது நியாயம்தான். ஆனால் மதில் உடைந்தால் அதே பொலிஸார் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

நீர் விடயத்தில் இலங்கையில் நமக்கு இன்னும், ஒல்லாந்தர் காலத்தில் வந்த உரோமன் டச்சுச் சட்டமே அடிப்படை. மேட்டுக் காணியிலிருந்து இயற்கையாக இறங்கும் மழைநீரைப் பள்ளக் காணிக்காரர் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதை மறித்துத் திருப்பி மேலே ஏற்றக்கூடாது. மேட்டுக்காரரும் அந்த நீரைக் கூட்டியோ ஒரே இடத்தில் குவித்தோ கீழே தள்ளக்கூடாது. ஆகவே உங்கள் வழக்கின் உயிர் ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது: மனிதர் கை படுவதற்கு முன் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது? எதிர்த்தரப்பு "புயல் வெள்ளம் கடவுள் செயல், நானும் என் காணியைக் காத்தேன்" என்று சொல்லும். பின்னர் ஃபெங்கால் எனப் பெயர்பெற்ற அந்தத் தாழமுக்கம் யாழ்ப்பாணம் முழுவதையும்தான் நனைத்தது; அதை மறுக்க முடியாது. நீங்கள் காட்ட வேண்டியது வேறு. 2008 இல் நிஷா புயல் வந்தபோது உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? வரவில்லையென்றால் அதைச் சொல்லக்கூடிய அயலவர் இருவரைத் தேடுங்கள். அதுபோன்ற பெருமழையிலும் வராத தண்ணீர் மதிலுக்குப் பிறகு வந்தது என்பது நல்ல சாட்சியம்.

அடுத்தது காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம். பெட்டியிலிருந்து எடுத்து அட்டவணையை வாசியுங்கள். நம்மூர்ப் பழைய உறுதிகளில் இத்தனை பரப்பு, இத்தனை குழி என்ற நில அளவுக்குப் பின்னால் "கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும்" என்றொரு தொடர் வரும். எல்லோரும் தாண்டிப் போகும் தொடர் அது. பெரும்பாலும் கிணற்று நீரை இறைத்துக் கொண்டுபோகும் வாய்க்காலைத்தான் அது குறிக்கும். மழைநீர் வடிகாலைக் குறிக்கிறது என்று நீங்கள் வாதிட்டால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சிரிப்பார். ஆனாலும் தெற்கு எல்லையில் வாய்க்கால் ஒன்று குறிப்பிடப்பட்டிருந்தால், அல்லது பழைய நில அளவைப் படத்தில் ஒரு கோடு இருந்தால், உங்கள் கை ஓங்கும். எழுத்தில் எதுவும் இல்லாவிட்டாலும், 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி 10 ஆண்டுகள் தடையின்றி அனுபவித்த நீரோட்டப் பாத்தியதையை, அதாவது பிறர் காணி வழியே தண்ணீர் ஓடும் உரிமையை, கோரலாம். மதிலுக்கோ இன்னும் 10 வயது ஆகவில்லை, ஆகவே அதே 10 ஆண்டுக் கணக்கை அயலவர் உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாது.

அதே சட்டத்தின் 9 ஆம் பிரிவு உங்களுக்கு எதிராகவும் நிற்கிறது. சேதத்துக்கான நட்டஈட்டு வழக்கைக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். அதாவது 2026 நவம்பர் கடைசிக்குள். தொகை சிறிதாக இருந்தால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக நேரிடும். அந்த நாட்களையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில். நீரோட்டப் பாத்தியதைப் பிரகடனம், நட்டஈடு, மதிலின் அடியில் நீர்வழி திறக்கும்படி கட்டளை ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கேட்கலாம். நீதிமன்றம் நில அளவையாளரை ஆணையாளராக அனுப்பி இரு காணிகளின் மட்டத்தையும் எடுக்கச் செய்யும். என் அனுபவத்தில் இப்படிப்பட்ட வழக்குகளைத் தீர்ப்பது வாய்ச்சாட்சியல்ல, அந்த மட்டப் படம்தான். இதற்கிடையில் அடிபிடி வரும் நிலை இருந்தால் 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் ஆரம்ப நீதிமன்றத்தையும் நாடலாம். அது தற்காலிகக் கட்டளை மட்டுமே தரும். மதிலுக்குப் பிரதேச சபையில் அனுமதி பெற்றாரா என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவருடைய காணியின் ஒரு பகுதி வயற்காணியாக இருந்தால், 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியின்றி நிரப்பியதே குற்றம்.

கராச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு இன்னும் தெரிகிறதா? பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் அவசரத்தில் இந்தச் சாட்சியை அழித்துவிட்டு வருகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அளவுகோலைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். கிராம அலுவலரின் சேதப் பதிவின் பிரதியும் வேண்டும்.

கார்களுக்கு வருவோம். உங்களிடம் இருப்பது மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் என்றால் நிறுவனம் மறுத்தது சரி. அது வீதியில் நீங்கள் பிறருக்கு விளைவிக்கும் தீங்குக்கானது. உங்கள் கராச்சுக்குள் வந்த வெள்ளத்துக்கு ஒரு சதமும் தராது. முழுக் காப்புறுதி என்றால் மறுப்பை எழுத்தில் வாங்கி, பொலிஸியில் இயற்கை அனர்த்தம் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். ஆனால் மறுநாள் கிளப்பினீர்களே, அங்கேதான் சிக்கல். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலேறினால் தண்ணீர் சுருங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் றொட் வளையும். அந்தச் சேதம் வெள்ளத்தால் அல்ல, உங்களால் என்று நிறுவனம் மட்டுமல்ல, அயலவரின் சட்டத்தரணியும் சொல்வார். அந்தப் பகுதியை இழப்புக் கணக்கில் வேறாகவே காட்டுங்கள்.

மைனரின் பதிவுப் புத்தகம் இன்னும் அப்பாவின் பெயரில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் நட்டஈடு அவருடைய உரித்தாளர் எல்லோருக்கும் உரியது, உடன்பிறந்தவர்களின் சம்மதமில்லாமல் தனியே வழக்குப் போட்டால் "நீர் யார்?" என்பதே முதல் குறுக்குக் கேள்வி. பெறுமதியையும் பழைய இரும்புக் கணக்கில் போட விடாதீர்கள். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாத காலத்தில், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓடி நம்மைக் காப்பாற்றிய கார்கள் இவை. இன்று தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். இத்தகைய கார்களை அறிந்த மதிப்பீட்டாளரின் எழுத்து அறிக்கை இல்லாமல் நீதிமன்றம் ஊகத்தில் பெரிய தொகை தராது.

அத்தானின் ஏ-40 ஐ இலவசமாகப் பார்த்துக்கொண்டீர்கள் என்றால் பெரும் கவனக்குறைவுக்கு மட்டுமே பொறுப்பு. மாத வாடகை வாங்கியிருந்தால் சாதாரணக் கவனமும் காட்டியிருக்க வேண்டும். 2024 வெள்ளத்துக்கு அவர் உங்களைப் பிடிப்பது கடினம். மதிலுக்குப் பின் தண்ணீர் வரும் என்று தெரிந்துவிட்ட பிறகு, அடுத்த மழை எச்சரிக்கையிலும் காரை அதே பள்ளத்தில் விட்டால் நிலைமை மாறும். இப்போதே அத்தானுக்கு எழுதி, மேட்டிலுள்ள வீடொன்றுக்கு மாற்றவா, கட்டையில் ஏற்றிப் பற்றரியைக் கழற்றிவிடவா என்று அவருடைய முடிவைக் கேளுங்கள். பதில் வட்ஸப்பில் வந்தாலும் போதும், அழிக்காதீர்கள்.

வளவை உயர்த்தலாமா என்று கேட்டீர்கள். கராச்சின் தளத்தையும் வீட்டின் திண்ணையையும் சுவர்களுக்குள் உயர்த்துவது உங்கள் விருப்பம். வளவு முழுவதையும் உயர்த்தினால் தண்ணீர் வடக்கு வீட்டுக்காரர் வாசலில் நிற்கும், இதே கடிதத்தை அவர் எனக்கு எழுதுவார். நில அளவையாளரை மட்டும் ஐப்பசிக்கு முன் கூட்டிவாருங்கள். தண்ணீர் ஏறிய பிறகு மட்டக்கோலை ஊன்ற இடம் இருக்காது.